வீட்டில் சுட்ட ரொட்டி

உத்தியோகத்தின் பொருட்டோ வாணிகத்தின் பொருட்டோ வடக்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், தை மாதக் காலையில் தவறாமல் நிகழும் ஒரு காட்சி உண்டு. வீட்டு அம்மாள் மாவுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்க்கிறாள். முதல் நாள் மாலை அரைத்து வைத்த இட்லி மாவு, வைத்தது வைத்தபடியே கிடக்கிறது. ஒரு குமிழி இல்லை; புளிப்பு மணம் இல்லை. கம்பளி சுற்றி வைத்தாயிற்று; அடுப்படியில் நகர்த்தி வைத்தாயிற்று; கையால் கலக்கினால் நன்கு புளிக்கும் என்று ஊரிலிருந்து மாமியார் சொன்னதைக் கேட்டு, கையாலும் கலக்கிப் பார்த்தாயிற்று. டில்லியின் குளிர் எதற்கும் மசியவில்லை. அன்று காலை உப்புமாதான்.

நம்மை இவ்வளவு அலைக்கழிக்கும் அந்தக் குளிரையே உதவிக்கு அழைத்துக்கொள்ளும் ஒரு சமையற்கலை உண்டு. அதுதான் வீட்டில் ரொட்டி சுடும் கலை. ‘நமக்கும் ரொட்டிக்கும் என்ன தொடர்பு? அது கடையில் வாங்கும் பண்டம் அல்லவா?’ என்று நீங்கள் கேட்கலாம். இட்லி மாவு அரைத்துப் புளிக்க வைத்த கைக்கு ரொட்டி அந்நியம் அன்று என்பதைக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வடநாட்டில் ரொட்டி என்று கேட்டால் சப்பாத்தியே வரும். நாம் இங்கே பேசுவது புளித்து உப்பிய மாவைச் சூட்டில் வேகவைத்துச் செய்யும் ரொட்டியை. டில்லியில் இதை டபல் ரொட்டி என்கிறார்கள். மும்பையில் பாவ் என்றும், வங்காளத்தில் பாவ்ருட்டி என்றும் வழங்குகிறது. இந்தப் பாவ் என்பது ரொட்டியைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லின் வழியாக வந்தது.

போர்ச்சுகீசியர் 1510-ஆம் ஆண்டில் கோவாவைக் கைப்பற்றினர். கோதுமை ரொட்டி அவர்களுக்கு நமது சோறு போன்றது. ஆனால் மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட் இங்கே கிடைக்கவில்லை. கிடைத்ததோ தென்னங்கள். அந்தக் கள்ளையே மாவில் ஊற்றிப் பிசைந்து, பொங்கவைத்து, ரொட்டி சுட்டார்கள். அந்தப் பரம்பரையில் வந்த ரொட்டிக்காரரைக் கோவாவில் போதேர் என்று அழைக்கிறார்கள். மிதிவண்டியில் கூடையைக் கட்டிக்கொண்டு, ஊதுகுழலை அழுத்திக்கொண்டு அவர் தெருவில் வரும் ஓசையை, அங்கே வாழும் தமிழர்கள் நன்கு அறிவார்கள்.

கள் ஊற்றி மாவைப் புளிக்கவைப்பது நமக்கும் பழைய பழக்கம்தான். தென்தமிழ் நாட்டிலும் கேரளத்திலும் ஆப்ப மாவுக்குக் கள் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. தமிழில் விவிலியத்தைப் பெயர்த்தவர்களும் இந்த உறவைக் கண்டுகொண்டவர்களே. மேல்நாட்டு ரொட்டிக்கு அவர்கள் புதுச்சொல் தேடி அலையவில்லை. அப்பம் என்றே எழுதினார்கள். மாவு புளிக்க வேண்டும், பொங்க வேண்டும், பிறகு சூட்டில் வேக வேண்டும் என்ற மூன்று நிலைகளும் இரண்டிற்கும் பொது.

ரொட்டியின் வயதும் சாமானியமானது அன்று. பண்டைய எகிப்தியர்கள் புளித்த மாவில் ரொட்டி சுட்டார்கள். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை இத்தாலியின் பாம்பேய் நகரத்தைச் சாம்பலில் மூடியபோது, அடுப்பிலிருந்த ரொட்டிகளும் கரிந்து அப்படியே நிலைத்துவிட்டன. வட்டமான அந்த ரொட்டிகள் எட்டுத் துண்டுகளாகப் பிட்டுக்கொள்ளும்படி கீறப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். அன்று காலை யாரோ எட்டுப் பேர் பகிர்ந்து உண்பதற்காகச் சுட்டது போலும்!

இனி, மாவுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒருவகை நுண்ணுயிர். காளான் இனத்தைச் சேர்ந்தது. ஒரு கிராம் ஈஸ்ட்டில் பல நூறு கோடி உயிரணுக்கள் அடங்கியிருக்கும். கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும், மாவில் இயற்கையாகவே உள்ள நொதிகள் மாச்சத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக உடைக்கின்றன. ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை உண்டு, கரியமில வாயுவையும் சிறிது சாராயத்தையும் வெளிவிடுகிறது. சர்க்கரை சாராயமாக மாறுவது வெறும் இரசாயன மாற்றம் அன்று, உயிருள்ள ஈஸ்ட்டின் வேலையே என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1850-களின் இறுதியில் நிகழ்த்திய சோதனைகளால் நிறுவினார். அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மனிதன் காரணம் அறியாமல் அந்த உயிரைக் கொண்டு வேலை வாங்கிவந்தான்.

இட்லி மாவிலும் வாயுதான் மாவை மேலே தூக்குகிறது. ஆனால் அங்கே பெரும்பாலும் வேலை செய்பவை உளுந்திலும் அரிசியிலும் ஒட்டியிருந்து வரும் பாக்டீரியாக்கள். அவை வாயுவையும் புளிப்பையும் ஒருங்கே தருகின்றன. வாயு உண்டானால் மட்டும் போதாது; அதைத் தப்பவிடாமல் பிடித்துவைக்க ஒன்று வேண்டும். இட்லி மாவில் அந்தப் பணியைச் செய்வது உளுந்தின் வழவழப்பு. உளுந்து குறைந்தால் இட்லி கல்லாவது அதனாலேயே. ரொட்டியில் அந்தப் பணியைச் செய்வது கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதப் பிசின்.

இந்தக் குளூட்டனைக் கண்ணால் காண்பது எளிது. எலுமிச்சம்பழ அளவு மைதா மாவைக் கெட்டியாகப் பிசைந்து, அரைமணி நேரம் வைத்திருந்து, தண்ணீரில் மெல்லக் கசக்கிக் கழுவுங்கள். வெள்ளையான மாச்சத்து கரைந்து போய், இரப்பரைப்போல் இழுபடும் ஒரு சிறு உருண்டை கையில் எஞ்சும். இத்தாலி நாட்டு பெக்காரி என்ற அறிஞர் இவ்வாறு குளூட்டனைப் பிரித்தெடுத்த செய்தி 1745-இல் அச்சில் வெளிவந்தது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையே செய்யச் சொல்லுங்கள். பரோட்டாக் கடையில் மாவைக் காற்றில் வீசித் துணிபோல் மெல்லியதாக விரிக்கிறார்களே, அது கிழியாமல் இருப்பதற்கும் இந்தப் பிசினே காரணம் என்று அவர்களுக்குச் சொல்லலாம்.

இப்போது செய்முறைக்கு வருவோம். வேண்டியவை நான்கே பொருள்கள்: மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். அரைக் கிலோ மைதாவுக்கு 300 மில்லிலிட்டர் தண்ணீர், 9 கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டி உலர்ந்த ஈஸ்ட். மென்மை வேண்டுவோர் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயும் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையும் சேர்க்கலாம். மாவில் நேரே கலக்கக்கூடிய பொடி ஈஸ்ட்டானால் அப்படியே கலந்துவிடலாம். பருமணியாக இருக்கும் ஈஸ்ட்டை, கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். நுரை எழுந்தால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது என்று பொருள். நுரை எழாவிட்டால் மாவை வீணாக்காமல் வேறு ஈஸ்ட் வாங்குவதே நன்று. கொதிக்கும் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக்கூடாது. ஏறக்குறைய 60 டிகிரி வெப்பத்திலேயே ஈஸ்ட் மடிந்துவிடும்.

மாவைக் கூட்டிய பிறகு பத்துப் பன்னிரண்டு நிமிடம் நன்றாகப் பிசைய வேண்டும். முதலில் கையெல்லாம் ஒட்டும். தோற்றுவிட்டோமோ என்று தோன்றும். அப்போது மாவைச் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். உள்ளங்கையின் அடியால் தள்ளுவதும், மடிப்பதும், திருப்புவதுமாக இருங்கள். ஆறாவது ஏழாவது நிமிடத்தில் மாவின் குணம் மாறுவதைக் கை உணரும். ஒட்டல் நின்று, வழவழப்பும் துள்ளலும் வரும். சிறு துண்டை எடுத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கிழியாமல், வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு வெங்காயத் தோல்போல் விரிந்தால் பதம் வந்துவிட்டது. ரொட்டி சுடுவதில் முதல் இன்பம் இதுதான். கண்ணாலோ கடிகாரத்தாலோ அறிய முடியாத ஒன்றைக் கை அறிந்துகொள்கிறது. மாவின் பதத்தை விரலிடுக்கில் வைத்துச் சொன்ன நம் பாட்டிமார்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

பிறகு எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மாவை வைத்து மூடி, அது இரு மடங்காகும்வரை காத்திருக்க வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் இதற்கு ஒரு மணி நேரம் போதும். 20 டிகிரியில் இரண்டு மணிக்கு மேலும் ஆகலாம். பொங்கிய மாவை மெல்ல அழுத்திக் காற்றை வெளியேற்றி, உருட்டி நீட்டி, எண்ணெய் தடவிய தகர அச்சில் வைத்து, மறுபடியும் முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் பொங்கவிட வேண்டும். விரலால் மெல்ல அழுத்தினால் பள்ளம் சட்டென்று மறையாமல், நிதானமாகப் பாதி மேலெழ வேண்டும். அதுவே அடுப்பில் வைக்கத் தக்க தருணம்.

ஓவனை முன்கூட்டியே 200 டிகிரிக்குச் சூடேற்றி வைத்திருந்தால், முப்பது முதல் முப்பத்தைந்து நிமிடத்தில் ரொட்டி வெந்துவிடும். சூட்டில் முதலில் வாயு விரிந்து ரொட்டி மேலும் எழும். பின்னர் ஈஸ்ட் மடியும், மாச்சத்து தண்ணீரை உறிஞ்சிக் கெட்டிப்படும், புரதம் இறுகும். இறுதியில் மேற்புறம் பொன்னிறமாகிப் பிறகு செந்நிறமாகும். சர்க்கரையும் புரதக் கூறுகளும் சூட்டில் கலந்து புதிய நிறத்தையும் மணத்தையும் உண்டாக்கும் இந்த மாற்றத்தை, மையார் என்ற பிரெஞ்சு இரசாயன அறிஞர் 1912-இல் விளக்கினார். காப்பிக்கொட்டை வறுக்கும்போது தெருக்கோடி வரை மணக்கிறதே, அந்த மணத்திலும் இந்த மாற்றத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

வெந்த ரொட்டியை அச்சிலிருந்து கவிழ்த்து அடிப்புறத்தை விரலால் தட்டிப் பாருங்கள். மத்தளம்போல் உள்ளீடற்ற ஓசை வந்தால் வெந்துவிட்டது. கம்பித் தட்டின்மேல் வைத்து ஆறவிடுங்கள். சூடாக வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும். ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். வீடு முழுவதும் மணம் பரவிய அந்த ஒரு மணி நேரம் பொறுப்பது, பூமியை ஆள்வதைவிடக் கடினம் என்பதை அனுபவத்தில் காண்பீர்கள்.

இனி, தொடக்கத்தில் சொன்ன குளிருக்கு வருவோம். சனவரி மாதத்தில் டில்லியின் இரவு வெப்பநிலை ஏழெட்டு டிகிரி வரை இறங்குவது வழக்கம். அந்தக் குளிரில் இட்லி மாவின் பாக்டீரியாக்கள் முடங்கிப் போகின்றன. ஈஸ்ட்டும் மந்தமடையும், ஆனால் வேலையை அடியோடு நிறுத்திவிடாது. மெதுவாக, மிக மெதுவாக, இரவு முழுவதும் வாயுவை விட்டுக்கொண்டிருக்கும். அந்த நீண்ட நேரத்தில் மாவின் நொதிகளும் ஓய்ந்திருப்பதில்லை. மாச்சத்தைச் சிறிது சிறிதாகச் சர்க்கரையாக்குகின்றன. மணமும் சுவையும் தரும் அமிலங்களும் சேர்கின்றன. ஒரு மணி நேரத்தில் அவசரமாகப் பொங்கிய ரொட்டியில் ஈஸ்ட் வாடைதான் தூக்கலாக இருக்கும். ஓர் இரவு குளிரில் கிடந்து பொங்கிய ரொட்டியில் கோதுமையின் சுவை தெரியும். மேற்புறத்தின் நிறமும் கூடும். உலகெங்கும் தேர்ந்த ரொட்டிக்காரர்கள் இதற்காகவே மாவைக் குளிரறையில் வைக்கிறார்கள். நமக்கோ வடநாட்டுச் சமையலறையே குளிரறை!

ஆகவே குளிர்காலத்தில் ஈஸ்ட்டை ஒரு தேக்கரண்டியிலிருந்து கால் தேக்கரண்டியாகக் குறைத்துவிடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாவைப் பிசைந்து மூடி, சமையலறையிலேயே வைத்துவிட்டுப் படுக்கச் செல்லுங்கள். கம்பளி வேண்டாம், அடுப்படி வேண்டாம். காலையில் மூடியைத் திறந்தால் மாவு பாத்திரத்தின் பாதியிலிருந்து விளிம்புவரை எழுந்து நிற்கும். எங்கள் வீட்டில் முதன்முதலாக அப்படி எழுந்து நின்ற காலையை நான் மறக்கவில்லை. பல குளிர்காலங்கள் அசையாத மாவையே பார்த்துச் சலித்த கண்களுக்கு, அது ஊரிலிருந்து யாரோ வந்து நின்றதுபோல் இருந்தது. வீட்டில் மறுபடியும் புளித்த மாவின் மணம். அது அரிசியின் மணம் அன்று, கோதுமையின் மணம் என்பது உண்மைதான். ஆயினும் மூடியைத் திறக்கும்போது உண்டாகும் மகிழ்ச்சி ஒன்றே.

ஒவ்வோர் ஊரின் பருவத்துக்கும் ஏற்பச் சிறு மாற்றங்கள் செய்துகொள்ள வேண்டும். மும்பையிலும் கொல்கத்தாவிலும் மழைக்காலத்தில் மாவே ஈரத்தை ஈர்த்திருக்கும். தண்ணீரைச் சற்றுக் குறைத்து ஊற்றிப் பதம் பார்க்க வேண்டும். டில்லியிலும் இராஜஸ்தானத்திலும் கோடைக் காற்று மாவின் மேற்பரப்பைக் காயவைத்துத் தோல்போல் ஆக்கிவிடும். ஈரத்துணியால் மூட வேண்டும். நாற்பது டிகிரி வெயிலில் மாவு அரைமணியில் பொங்கி வழிந்து புளித்தும் போகும். அப்போது குளிர்ந்த தண்ணீரில் பிசைந்து, விடியற்காலையில் வேலையை முடித்துவிடலாம். அல்லது குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுவதும் வைத்து மறுநாள் சுடலாம். பெங்களூரில் வாழ்பவர்கள் பாக்கியசாலிகள். ஆண்டின் பெரும்பகுதி அங்கே மாவுக்கு இதமான பருவமே. இப்படி மாவின் வழியாக ஒருவர் தாம் வாழும் ஊரின் காற்றையும் ஈரத்தையும் நாள்தோறும் அறியத் தொடங்குகிறார். பத்து ஆண்டு வாழ்ந்தும் அந்நியமாகத் தோன்றிய ஊர், அதன்பின் அத்தனை அந்நியமாகத் தோன்றுவதில்லை.

ஓவன் இல்லாதவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. அடி கனமான பெரிய இரும்புப் பாத்திரத்தில் ஓர் அங்குல உயரத்துக்குக் கல்லுப்போ மணலோ பரப்பி, அதன்மேல் ஒரு பிரிமனை போன்ற தாங்கியை வைத்து, மூடிப் பதினைந்து நிமிடம் சூடேற்றுங்கள். பிறகு ரொட்டி அச்சை உள்ளே வைத்து மூடி, மிதமான தீயில் நாற்பது நிமிடத்துக்குக் குறையாமல் வேகவிடுங்கள். சிறிய ரொட்டியானால் நன்றாகவே வேகும். மேற்புறம் மட்டும் வெளுத்திருக்கும். வெந்தபின் அந்தப் பக்கத்தைத் தோசைக்கல்லில் கவிழ்த்துச் சிறிது சிவக்கவிட்டால் அக்குறையும் தீரும்.

முதல் முயற்சியிலேயே வெற்றி கிட்டும் என்று உறுதி சொல்வதற்கில்லை. நான் சுட்ட முதல் ரொட்டியைச் சுவரில் வைத்துக் கட்டியிருக்கலாம். தவறுகளின் காரணங்களை அறிந்துகொண்டால் அச்சம் இல்லை. ரொட்டி செங்கல்போல் இருந்தால், ஈஸ்ட் பழையதாக இருக்கும். அல்லது பொங்கும் முன்பே சுட்டிருப்பீர்கள். நடுவில் குழிந்து சரிந்தால், அளவுக்கு மீறிப் பொங்கவிட்டிருப்பீர்கள். உதிர்ந்து போனால், பிசைந்தது போதாது. சப்பென்று இருந்து, மாவும் கட்டுக்கடங்காமல் பொங்கியிருந்தால், உப்பை மறந்திருப்பீர்கள். உப்பு சுவைக்கு மட்டும் அன்று. ஈஸ்ட்டின் வேகத்துக்கு அது கடிவாளம். குளிர் ஊர்களில் இட்லி மாவுக்கு உப்பைப் புளித்த பிறகே சேர்க்கும் தாய்மார்கள் இதன் காரணத்தை ஏற்கெனவே அறிந்தவர்களே.

மைதாவே வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். வடநாட்டில் வீட்டுக்கு வீடு ஆட்டா இருக்கிறது. சக்கியில் அரைத்த ஆட்டாவிலும் ரொட்டி சுடலாம். ஆனால் அதிலுள்ள தவிடு குளூட்டன் இழைகளை அங்கங்கே அறுத்துவிடுவதால் ரொட்டி அவ்வளவு உயரமாக எழாது. சக்கி மாவு தண்ணீரையும் மிகுதியாகக் குடிக்கும். பாதி மைதாவும் பாதி ஆட்டாவுமாகத் தொடங்கி, ஐம்பது மில்லிலிட்டர் அளவுக்குத் தண்ணீரைக் கூட்டிக்கொள்வது நல்லது. கை பழகியபின் ஆட்டாவின் பங்கை உயர்த்தலாம். உயரம் குறைந்தாலும் சுவை குறையாது.

முழுக்கோதுமை ரொட்டியை வீட்டிலேயே செய்த ஒருவரை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். தென்னாப்பிரிக்காவில் ஜொகன்னஸ்பர்க் நகரில் வாழ்ந்தபோது, காந்தியடிகள் கடை ரொட்டியை நிறுத்திவிட்டு, கூனே என்பவருடைய முறைப்படி, ஈஸ்ட் சேர்க்காத முழுமாவு ரொட்டியை வீட்டில் செய்யத் தொடங்கினார். ஆலை மாவு அதற்கு ஏற்றதன்று என்று 7 பவுன் கொடுத்து ஒரு கை எந்திரமும் வாங்கினார். அதன் இரும்புச் சக்கரம் ஒருவருக்குப் பளு. இருவர் சேர்ந்தால் எளிது. வீட்டில் உள்ளவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து மாவரைத்தார்கள். அது அவர்களுக்கு நல்ல உடற்பயிற்சியாயிற்று என்று அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பிறந்த நாட்டை விட்டு வெகுதொலைவில் அமைந்த ஓர் இல்லத்தில், ரொட்டி செய்வது குடும்பத்தை ஒன்றாகக் கூட்டிய வேலையாக இருந்தது.

வீட்டில் சுடுவது மலிவா என்றால், மாவோடு மின்சாரத்தையும் உங்கள் நேரத்தையும் கணக்கிட்டால் பெரிய சிக்கனம் ஒன்றும் இல்லை. கடைரொட்டியைப் பழிப்பதும் என் நோக்கம் அன்று. அது அவசரத்துக்கு உதவும் நல்ல பண்டம். ஆனால் அது பல நாள் மென்மையாக இருக்க வேண்டும்; அதற்காக வேறு பொருள்களும் சேர்க்க வேண்டியிருக்கிறது. அப்படிச் சேர்க்கப்பட்டு வந்தவற்றுள் ஒன்றான பொட்டாசியம் புரோமேட்டை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் விலக்கியது. வீட்டு ரொட்டியில் என்ன இருக்கிறது என்பது சுட்டவருக்குத் தெரியும். அது இரண்டு நாளில் காய்ந்துபோகும். அது குறையன்று, இயல்பு. குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் வெந்த மாச்சத்து விரைவில் மறுபடியும் இறுகி, ரொட்டி வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரம் கெட்டிப்படும். துணியில் சுற்றி வெளியே வைப்பதே மேல். காய்ந்ததைத் தோசைக்கல்லில் நெய் தடவி வாட்டினால் அது வேறொரு விருந்து. இட்லி மிஞ்சினால் இட்லி உப்புமா. ரொட்டி மிஞ்சினால் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து ரொட்டி உப்புமா!

ரொட்டி என்பது என்றும் தனி ஒருவருக்காகச் சுட்ட பண்டம் அன்று. பஞ்சாபின் கிராமங்களில் பல வீட்டுப் பெண்கள் பிசைந்த மாவைக் கொண்டுவந்து ஒரே தந்தூரில் சுட்டுக்கொள்ளும் பொது அடுப்புக்குச் சாஞ்சா சூல்ஹா என்று பெயர். காஷ்மீரில் காந்தூர் என்னும் ரொட்டிக்காரரின் கடையில் விடியற்காலையில் ஊரே கூடி, சூடான ரொட்டியோடு ஊர்ச் செய்திகளையும் வாங்கிச் செல்கிறது. டில்லியிலும் பஞ்சாபிலும் ஆட்டாவையும் நெய்யையும் சர்க்கரையையும் வீட்டிலிருந்து கொண்டுபோய், அக்கம்பக்கத்துப் பேக்கரியில் பிஸ்கோத்து சுட்டு வாங்கி வரும் வழக்கம் உண்டு. பழைய டில்லியில் கமீரி ரொட்டி சுடுபவர்கள், முந்திய நாளின் புளித்த மாவில் ஒரு பிடியை எடுத்துவைத்து மறுநாள் மாவில் சேர்க்கும் முறையைப் பார்த்தால், தயிருக்கு உறை எடுத்துவைக்கும் நம் வீட்டுப் பழக்கம் நினைவுக்கு வரும்.

எங்கள் பக்கத்து வீட்டில் பஞ்சாபி அம்மாள் ஒருவர் இருந்தார். பல ஆண்டுகள் படியில் பார்த்தால் ஒரு வணக்கம், ஒரு புன்னகை; அதற்குமேல் பேச்சில்லை. நாங்கள் கொடுத்த இட்லியை மரியாதைக்காக ஏற்றுக்கொண்டார் என்பது எங்களுக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொட்டியின் மணம் மாடிப்படி வழியே இறங்கியது. சிறிது நேரத்தில் அவரே வந்து கதவைத் தட்டி, ‘என்ன சுடுகிறீர்கள்?’ என்று கேட்டார். பாதி ரொட்டியைக் கொடுத்தோம். மறுவாரம் அவர் எங்கள் சமையலறையில் நின்று, மாவைப் பிசையும்போது தோளை வளைக்காதே, இடுப்பிலிருந்து பலம் கொடு என்று எனக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய தாயார் ஊர்ப் பொது அடுப்பில் ரொட்டி சுட்ட கதையை அன்றுதான் கேட்டோம். எங்கள் பாட்டி கல்லுரலில் மாவாட்டிய கதையை அவர் அன்றுதான் கேட்டார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. ரொட்டியிலும் உப்பு இருக்கிறது அல்லவா?

தாய்நாட்டு உணவை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இட்லி இட்லிதான், அதன் இடத்தை வேறெதுவும் பிடிக்க இயலாது. வெயில் ஏறும் மாசி பங்குனியில் இட்லி மாவு மறுபடியும் பொங்கத்தான் போகிறது. ஆனால் மார்கழியும் தையும் வீணாகக் கழிய வேண்டியதில்லை. வாழவந்த ஊரின் கோதுமையும் அவ்வூரின் குளிரும், நாம் பிறந்த ஊரிலிருந்து கொண்டுவந்த கைப்பழக்கமும் ஒரு பாத்திரத்தில் கூடினால், அதிலிருந்து நல்ல உணவு ஒன்று உண்டாகிறது. வருகின்ற சனிக்கிழமை இரவு அரைக் கிலோ மாவோடு முயன்று பாருங்கள். ஞாயிறு காலை மூடியைத் திறக்கும்போது பிள்ளைகளையும் அருகே அழைத்துக்கொள்ளுங்கள். ரொட்டி ஆறியதும் முதல் துண்டை அவர்களுக்குக் கொடுங்கள்; இரண்டாவது துண்டை அடுத்த வீட்டுக்கு அனுப்புங்கள்.